நல்ல தண்ணீர் நண்டு என்று சொல்லி விற்கிறார்கள், கவனம்

கொளத்தூர் பக்கம் வளர்ப்பு மீன் விற்கும் ஒரு கடையில் 'ரெட் க்ளா' எனப்படும் சிவப்புக் கொடுக்கு நண்டு ஒரு ஜோடி வாங்கினேன். "நல்ல தண்ணி நண்டு சார். பொட்டை சினையா இருக்கு, உங்க தொட்டியிலயே குஞ்சு பொரிச்சு வளந்துடும்" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். சினைக்குத் தனியாக விலையும் வைத்தார். தண்ணீரில் உப்பு வேண்டுமா, ஏறி உட்கார மேடு வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். இரண்டும் வேண்டாம் என்றார். இரண்டுமே பொய்.

இது ஆறும் கடலும் கலக்கும் முகத்துவாரச் சேற்றிலும் அலையாத்திக் காட்டிலும் வாழும் நண்டு. லேசான உப்புத் தண்ணீர் வேண்டும், நினைத்தபோது வெளியே வர ஈரமான நிலமும் வேண்டும். வெறும் நல்ல தண்ணீரில் போட்டால் உடனே சாகாது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கடையில் துறுதுறுவென்று ஓடுகிறது, நம் வீட்டில் மெல்லச் சாகிறது. பழி வளர்த்தவர் தலையில் விழுகிறது.

சொன்னபடி முட்டை பொரிந்தது. ஆனால் வெளியே வந்தது நண்டுக் குஞ்சு இல்லை, தூசி போல மிதக்கும் இளம்புழுக்கள். கடல்நீரில் பல கட்டங்கள் தாண்டினால்தான் அவை நண்டாக உருமாறும். ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்புறம் ஓடு கழற்றும்போது தாயும் போய்விட்டது.

கடைக்குப் போனால், "தண்ணி சரியில்ல சார்" என்று ஒரு மருந்தை நீட்டி அதற்கும் காசு வாங்கிக்கொண்டார். வீட்டில் லேபிளைப் படித்தால் தாமிரச் சத்து என்று இருக்கிறது! மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்குப் போடும் தாமிர மருந்து நண்டுக்கும் இறாலுக்கும் விஷம். ஊற்றியிருந்தால் ஆண் நண்டும் செத்திருக்கும். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். எனக்கு ஆறாத கோபம் அந்த மருந்தின் மேல்தான்.

சினை நண்டு என்று காட்டினால் வயிற்று மடலுக்கு அடியில் முட்டையைப் பாருங்கள். ரவை போலப் பொடியாக ஆயிரக்கணக்கில் ஒட்டியிருந்தால் அதன் குஞ்சுக்குக் கடல்நீர் வேண்டும், வீட்டுத் தொட்டியில் வளராது. உண்மையான நன்னீர் நண்டின் முட்டைகள் கொஞ்சமாக, ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டருக்கும் மேலாகப் பெரிதாக இருக்கும். நம் வயல் நண்டு அப்படித்தான். பொரிந்த குஞ்சுகள் முழு நண்டாகவே தாயின் மடலுக்குள் சில காலம் தங்கியிருக்கும்.

வீட்டில் குஞ்சு எடுக்க ஆசைப்படுகிறவர்கள் வாம்பயர் நண்டு பக்கம் போகலாம். அந்த வகையில் ஜாவாவைச் சேர்ந்த கியோசெசார்மா டென்னெர்லே என்ற இனத்துக்கு 2015-ல்தான் அறிவியல் பெயரே வைத்தார்கள். அதுவும் நேராக நண்டுக் குஞ்சே பொரிக்கும். ஆனால் அதற்கு நிலம்தான் பிரதானம், தண்ணீர் ஒரு ஓரமாக இருந்தால் போதும். அதையும் மீன் தொட்டியில் முக்கி வைத்து விற்பவர்கள் உண்டு.

ஏற்கெனவே ரெட் க்ளா வாங்கியவர்கள் சமையல் உப்பைக் கொட்டாதீர்கள், கடல் மீன் தொட்டிக்கான உப்பைச் சிறுகச் சிறுகக் கலந்து ஏற்றுங்கள். ஒரு மேடு கட்டி, மூடியை இறுக்கிவிடுங்கள். ஒயர் நுழையும் ஓட்டை கிடைத்தால் அது வழியாக ஏறி வெளியே போய்விடும். வளர்க்க முடியாவிட்டால் ஏரியிலோ கால்வாயிலோ விடவும் வேண்டாம்.