தீயணைப்பு ட்ரோனுக்கு எடுத்த இன்சூரன்ஸ்: மூன்று நட்சத்திரம்

அமெரிக்காவில் ஒரு சிறிய தீயணைப்புத் துறையில் நான் தன்னார்வலன். ட்ரோன் பிரிவின் காகித வேலை முழுக்க என் தலையில்தான். போன வருடம் எங்கள் தெர்மல் கேமரா ட்ரோனுக்கு ஒரு பாலிசி எடுத்தோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

ட்ரோனுக்கு இன்சூரன்ஸ் இருந்தே ஆகவேண்டும் என்று எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) சொல்வதில்லை. வற்புறுத்தியது எங்கள் ஊர் வக்கீல்தான்: "யார் கூரையிலாவது விழுந்தால் பணம் யார் கட்டுவது?" சரி என்று விண்ணப்பித்தோம். பதிவு எண், எடை, பைலட்டுகளின் பெயர், அவ்வளவுதான் கேட்டார்கள். இரண்டே நாளில் பாலிசி வந்துவிட்டது.

பைலட் பற்றிய ஒரு வரியில்தான் மாட்டிக்கொண்டோம். எங்களைப் போன்ற அரசுத் துறைகள் ட்ரோன் பறக்கவிட இரண்டு வழி உண்டு. ஒன்று, பார்ட் 107 என்ற எஃப்ஏஏ ட்ரோன் விதிப்படி பைலட் எழுதும் தேர்வு: 60 கேள்விகள், 70 சதவீதம் எடுத்தால் பாஸ், கட்டணம் 175 டாலர். மற்றது, எஃப்ஏஏ துறைக்கே தரும் சிஓஏ என்ற அனுமதி; அதை வாங்கிவிட்டால் பைலட்டின் தகுதியைத் துறையே முடிவு செய்துகொள்ளலாம். தீ விபத்துகளுக்கு நாங்கள் பறப்பது சிஓஏவில். பாலிசியோ 107 சான்றிதழும், காலாவதியாகாத பயிற்சியும் வேண்டும் என்கிறது. நான் அந்த வரியைச் சரியாகப் படிக்கவில்லை.

ஒரு ராத்திரி வைக்கோல் கொட்டகைத் தீ. திரும்பி வரும்போது ட்ரோன் மரக்கிளையில் இடித்துச் சேற்றில் விழுந்தது. கேமராவைப் பிடித்திருக்கும் தாங்கி இரண்டாக உடைந்தது. க்ளெய்ம் போட்டோம். பைலட்டின் 107 சான்றிதழ் அட்டையைக் கேட்டார்கள். அட்டையில் காலாவதித் தேதியே கிடையாது! ஆனால் 24 மாதத்துக்கு ஒருமுறை ஆன்லைன் பயிற்சியை முடிக்கவேண்டும். இலவசம்தான். எங்கள் பைலட் 19 நாள் தாண்டியிருந்தார். சிஓஏவின்படி பறந்தது சரி, பாலிசியின்படி தப்பு. க்ளெய்ம் நிராகரிப்பு.

கோபத்தோடுதான் கூப்பிட்டேன். போனை எடுத்த பெண்மணி பொறுமையாகக் கேட்டார். 'துறை தகுதி அளித்த பைலட்' என்ற வாசகத்தை இணைப்பாகச் சேர்த்துத் தந்தார், கூடுதல் கட்டணமில்லாமல். மூன்றாவது நட்சத்திரம் அவருக்காக. விற்கும்போதே நீங்கள் சிஓஏவா, 107ஆ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான்கு கொடுத்திருப்பேன்.

உடைந்த தாங்கியை நாங்களே காசு போட்டு மாற்றினோம். இப்போது ட்ரோன் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் மூன்று பைலட்டுகளின் பயிற்சித் தேதியையும் ஒட்டி வைத்திருக்கிறேன்.