ஹட்டனில் 12 வோல்ட் அடப்டர் வாங்கப் போகிறவர்கள் கவனம்

ஹட்டன் டவுனில் எலெக்ட்ரிக் சாமான் விற்கும் ஒரு கடையில் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். எங்கள் தோட்டப் பக்கம் வீட்டிலேயே குஞ்சு பொரிக்க வைப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ரெஜிபோம் பெட்டியில் பல்ப் போட்டு முட்டை வைத்தால், இந்தக் குளிருக்கு ஒரு மூலை கொதிக்கும், மறு மூலை சில்லென்று கிடக்கும். எல்லா இடத்திலும் 37.5 பாகை நிற்க, உள்ளே காற்றைச் சுழற்ற ஒரு சின்ன பேன் வேண்டும். பழைய கம்பியூட்டரில் கழற்றிய பேன் இதற்கு அருமையானது. என்னுடையதில் 12 வோல்ட் டிசி, 0.15 அம்பியர் என்று போட்டிருந்தது. அதைக் காட்டித்தான் அடப்டர் கேட்டேன். "தம்பி, இது சரியா 12 வோல்ட். கண்ண மூடிக்கிட்டு மாட்டுங்க" என்றார் கடைக்காரர்.

மாட்டியதும் பேன் கத்திக்கொண்டு சுற்றியது. அன்றிரவே கருகிய வாடை. பேன் நின்று, பல்புக்குப் பக்கத்து முட்டைகள் எல்லாம் வீண். உடைத்துப் பார்த்தால் உள்ளே கரு வளர்ந்திருந்தது. மனசே ஆறவில்லை.

பக்கத்து லயத்தில் வயரிங் வேலை செய்யும் அண்ணன் அடப்டரில் மீட்டர் வைத்தார்: 21 வோல்ட்! ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் உரித்தோம். அடியில் அசல் எழுத்து, 15 வோல்ட். இது உள்ளே டிரான்ஸ்போமர் வைத்த பழைய கனமான ரகம். எழுதியிருக்கிற வோல்ட் முழு லோடில்தான் வரும். பேன் மாதிரி கொஞ்சமாக இழுக்கும் சாமானுக்கு எகிறிவிடும். உண்மையான 12 வோல்ட் கூட இந்த ரகத்தில் 16, 17 காட்டும்.

திருப்பிக் கொண்டுபோனால், "வயர மாத்திக் குடுத்திருப்பீங்க" என்கிறார். சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ், சரியாகத்தான் கொடுத்தேன். வேகம் காட்டும் மஞ்சள் வயரைத் தொடவே இல்லை. மாற்றிக் கொடுத்திருந்தால் அப்படிக் கத்திக்கொண்டு சுற்றியிருக்குமா? உரித்த ஸ்டிக்கரைக் காட்டியதும், "பில் இருக்கா?" என்று பேச்சை மாற்றினார். வாங்கும்போது பில் புத்தகம் முடிந்துவிட்டது என்று சொன்னதும் இவரேதான்.

வாங்கும்போது கடையிலேயே மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எடை குறைந்த சுவிட்சிங் ரகமென்றால் எதையும் மாட்டாமலே 12ஐ ஒட்டி நிற்கும். அம்பியர் கூட இருந்தால் பயமில்லை, பேன் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கும். வோல்ட் கூடினால்தான் ஆபத்து. அப்புறம், பில்லில் '12 வோல்ட் டிசி' என்று எழுதி வாங்குங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் எண் 1977. இரண்டு ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு நானும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.