ஒரு குக்கர், ஐந்து உறைகள், ஒரு நோட்டு: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

வாங்கிய மறுவாரமே "அருமையான பொருள்" என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. கேஸ்கெட் நான்கைந்து முறை மாறி, கைப்பிடித் திருகு ஒருமுறை கழன்று, அடி ஒருமுறை கருகிய பிறகுதான் குக்கரைப் பற்றி வாய் திறக்க வேண்டும். என்னுடையதற்கு ஒன்பது வயதாகிறது. அது வந்த அதே மாதத்தில்தான் ஐந்து காகித உறைகளும் ஒரு நோட்டும் எங்கள் சமையலறைக்குள் வந்தன. கணவருக்கு வேலை போய், என் ஒருத்தியின் சம்பளத்தில் கணவர், மகள், மாமியார், நான் என்று நான்கு பேர் சாப்பிட வேண்டியிருந்த மாதம் அது. மூன்றும் எப்படி உழைத்தன, எங்கே காலை வாரின என்பதைச் சொல்கிறேன். எங்கள் வீடு ஜெபிக்கிற வீடு. அதை ஒதுக்கிவைத்துவிட்டு இந்தக் கணக்கை எழுத எனக்குத் தெரியாது.

முதலில் குக்கர். ஐந்து லிட்டர், எவர்சில்வர், அடி மட்டும் தடிப்பு. மூடி இறுகி ஆவி உள்ளே அடைபடும்போது தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறக்குறைய 120 டிகிரி வரை போகிறது. அதனால் வேகும் நேரம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. எரிவாயு மிச்சமாகிறது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. என் செலவைக் குறைத்தது வேறொன்று. அதற்கு முன்பு காய்ந்த பயறு என்றாலே எனக்குப் பயம். எப்போது வேகும் என்று தெரியாது, பசியோடு பிள்ளை காத்திருப்பாள் என்று சொல்லி, வேகவைத்து டப்பாவில் அடைத்ததையே வாங்கிக்கொண்டிருந்தேன். குக்கர் வந்த பிறகு அந்தப் பயம் போனது. ஒரு கிலோ காய்ந்த பயறு வெந்தால் இரண்டரைக் கிலோ அளவுக்கு வருகிறது. வாங்கியதை இரண்டு மாதம் மறந்து போனாலும் கெடுவதில்லை. கறிக்கு ஒதுக்கிய காசில் பாதி அந்த ஆண்டே பயறுக்கு மாறியது, யாரும் பெரிதாக முணுமுணுக்கவில்லை.

இந்தப் பாத்திரத்தின் மூதாதையை டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679ஆம் ஆண்டு செய்தார். எலும்பைக்கூட மென்மையாக்கி அதன் சத்தை இறக்குவது அதன் வேலை. அழுத்தம் மீறினால் ஆவியை வெளியேற்றும் வால்வையும் அவரே யோசித்து வைத்தார். எலும்பையும் விடாதே என்று பிறந்த பாத்திரம் சிக்கன வீட்டுக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. என் மாமியாருக்கு மட்டும் அந்த வால்வின் மீது இன்றுவரை நம்பிக்கை வரவில்லை. குக்கர் அடுப்பில் இருக்கும்வரை அவர் சமையலறை வாசலைத் தாண்டமாட்டார்.

முதல் மாதத்தில் நான் செய்த தவறு: பயறோடு தக்காளியையும் சேர்த்துப் போட்டு மூடினேன். நாற்பது நிமிடம் கழித்துத் திறந்தால், தக்காளி கரைந்து காணாமல் போயிருந்தது, பயறு கூழாங்கல்லாகக் கிடந்தது. மகள் ஒன்றை எடுத்துத் தட்டில் உருட்டிப் பார்த்து, "அம்மா, கோலி விளையாடலாமா?" என்றாள். புளிப்பு சேர்ந்தால் பயறின் தோல் இளகாது என்பதை அன்றுதான் கற்றேன். இப்போது இரவே உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெறும் தண்ணீரில் வேகவைத்து, வெந்த பிறகே புளிப்பைச் சேர்க்கிறேன். சிவப்பு ராஜ்மா வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பச்சையாக இருக்கும்போது அதில் வயிற்றைப் புரட்டும் நச்சுப்புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது வெந்தால்தான் அது அழியும். மிதமான சூட்டில் நாள் முழுவதும் வைத்துவிட்டு, மெத்தென்று ஆகிவிட்டதே என்று பரிமாறக் கூடாது.

விசிலை எண்ணுவதையும் விட்டுவிட்டேன். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறேன். ஒவ்வொரு விசிலும் காசு கொடுத்து உண்டாக்கிய ஆவி காற்றில் கலக்கிற சத்தம்தானே.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் அது விமர்சனம் ஆகாது. ரப்பர் கேஸ்கெட் ஒன்றரை, இரண்டு ஆண்டில் விறைத்துப் போகிறது. அதைத் திருப்பிப் போட்டு இன்னும் மூன்று மாதம் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டேன். ஓரமாக ஆவி கசிந்து, தண்ணீர் வற்றி, ஒரு பானை பருப்பு அடிபிடித்தது. கேஸ்கெட்டில் மிச்சம் பிடித்ததைப் பருப்பில் தொலைத்தேன். இன்னொரு நாள் பருப்பின் நுரை ஏறி ஆவி போகும் துளையை அடைத்துவிட்டது. அடுப்பில் வெகுநேரமாகச் சத்தமே இல்லை என்பது உறைத்ததும் ஓடிப்போய் அணைத்தேன். பருப்பு, பயறு என்றால் பாதிப் பாத்திரத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. அன்றிலிருந்து மூடியை எடுத்ததும் அந்தத் துளையை வெளிச்சத்தில் பிடித்து, மறுபக்கம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே மூடுகிறேன். மூன்று விநாடி வேலை.

இனி உறைகள். காணிக்கை, வாடகையும் கட்டணங்களும், சாப்பாடு, படிப்பு, எதிர்பாராதது என்று ஐந்து. சம்பள நாளன்று பணத்தைப் பிரித்துப் போட்டுவிட வேண்டும். ஓர் உறை காலியானால் அடுத்ததிலிருந்து எடுக்கக் கூடாது. கேட்பதற்கு எளிமையாக இருக்கும். சாப்பாட்டு உறையை நான்காகப் பிரித்து வாரத்துக்கு ஒன்று என்று வைத்தேன், மாதக் கடைசியில் ஒவ்வொரு முறையும் துண்டு விழுந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று, வெட்கத்தோடுதான் ஒப்புக்கொள்கிறேன். மாதம் என்பது நான்கு வாரம் இல்லை. பிப்ரவரியைத் தவிர எல்லா மாதத்துக்கும் மேலே இரண்டு, மூன்று நாள் வால் இருக்கிறது. அந்த வாலுக்கு நான் சோறு போடவே இல்லை! இப்போது நாள் கணக்கில் பிரிக்கிறேன். காகித உறைகள் நான்கு ஆண்டு தாங்கின. பிறகு பணம் கைக்கு வருவதே அரிதாகி எல்லாம் கைப்பேசி வழியே போகத் தொடங்கியதும், உறைகள் நோட்டில் ஐந்து பத்திகளாக மாறிவிட்டன. பலன் கொஞ்சம் குறைவுதான். காலி உறையைப் பார்க்கும்போது வரும் சுருக்கென்ற உணர்வு எண்ணைப் பார்க்கும்போது வருவதில்லை.

காணிக்கை உறையை முதலில் நிரப்ப வேண்டும் என்பது கணவரின் உறுதி. பள்ளிக் கட்டணம் நிற்கும்போது எப்படி என்பது என் வாதம். நான்கு மாதம் அந்த உறையைக் காலியாகவே வைத்தேன், அவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் மாதம் சிறு தொகை ஒன்றை நானே போட்டேன். அதனால் வருமானம் பெருகியது என்று சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் பிடித்துவைக்க வேண்டும் என்று இறுகியிருந்த விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன, அவ்வளவுதான்.

அந்த இறுக்கத்தால் வந்த பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. மொத்தமாக வாங்கினால் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். கிலோவுக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்தால் உண்மைதான். இரண்டாம் ஆண்டில், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், 25 கிலோ அரிசியும் பத்துக் கிலோ பயறும் வாங்கிக் கட்டிலடியில் தள்ளினேன். இனி ஆறு மாதம் கவலையில்லை என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் மாதம் பயறு மூட்டையைப் பிரித்தால், கையில் மாவாக ஒட்டியது. ஒவ்வொரு பயறிலும் ஊசி குத்தியதுபோல் வட்டமாக ஓர் ஓட்டை. மூட்டைக்குள் காதை வைத்தால் மெல்லிய சரசரப்புக்கூடக் கேட்டது. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மாடி, மன்னாவையே மூட்டை கட்டிவிட்டாயே" என்றார்.

வேதாகமத்தில் யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாக வானத்திலிருந்து விழுந்த மன்னாவை ஆளுக்கு ஓர் ஓமர் அளவே எடுக்க வேண்டும்; பயந்து மறுநாளுக்கு வைத்தவர்களுடையது புழுத்து நாறியது. மாமியார் நிறுத்திய இடம் அது. நான் அன்று இரவு மீதியையும் படித்தேன். ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பாக எடுக்கச் சொல்லியிருக்கிறது. ஓய்வுநாளான ஏழாம் நாளுக்கு வைத்த அது கெடவில்லை. சேர்த்துவைப்பது குற்றமாக இருந்திருந்தால் இது எதற்கு? எந்த நாளுக்கு என்று தெரிந்து வைத்தது நின்றது, பயத்தில் பதுக்கியது புழுத்தது என்று எனக்குப் பட்டது. இப்போது எங்கள் வீட்டில் தானியம் ஐந்து வாரத்துக்கு மேல் இருப்பதில்லை. புதிதாக வந்த பயறைப் பையோடு ஃப்ரீஸரில் நான்கு நாள் வைத்துவிடுகிறேன்; மைனஸ் 18 டிகிரியில் வண்டும் அதன் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் சூடு சமமாகும்வரை விட வேண்டும், இல்லையென்றால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

மூன்றாவது, நோட்டு. மூன்றிலும் மிக மலிவானது அதுதான், மிக அதிகமாகக் கொடுத்ததும் அதுதான். வரவு செலவு எழுதத்தான் தொடங்கினேன். பலன் தந்ததோ கடைசிப் பக்கத்திலிருந்து எழுதிய இன்னொரு கணக்கு: இன்று எதைக் கொட்டினோம். ஒரு வாரம் தராசில் நிறுத்தே பார்த்தேன். 4 கிலோ 200 கிராம். தோல், காம்பு எல்லாம் சேர்த்துத்தான். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, வீடுகளில் மட்டும் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 79 கிலோ உணவு வீணாவதாகச் சொல்கிறது. எங்கள் கணக்கு ஆளுக்கு 55 கிலோ வருகிறது. உலகச் சராசரிக்குக் கீழே என்று முதுகில் தட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் பட்டியலைப் படித்தால் கூச்சமாக இருந்தது: பாதிக் கீரைக் கட்டு, ரொட்டி ஓரங்கள், மூலையில் மறந்த அரை முட்டைக்கோஸ், இரண்டு நாள் சோறு. விலை குறைந்த கடையைத் தேடி அரை மணி நேரம் நடந்துபோய் வாங்கிவந்த முட்டைக்கோஸ் அது.

அதன் பிறகு குளிர்பெட்டியின் நடுத்தட்டு 'முதலில் இது' என்று ஆனது. ஏழு நாளுக்கும் சமையல் திட்டம் எழுதும் வழக்கத்தையும் கைவிட்டேன். நான்கு நாளுக்கு மட்டும் எழுதுகிறேன். மீதி மூன்று நாளும் நடுத்தட்டு சொல்வதுதான் சமையல். சோற்றில் மட்டும் சிக்கனம் பார்ப்பதில்லை. வெந்த சோற்றை வெளியிலேயே வெகுநேரம் விட்டால் அதில் வளரும் கிருமியின் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஒருமுறை மகள் இரவெல்லாம் வாந்தி எடுத்தாள். மருந்துக்கு ஆன செலவில் ஒரு வாரம் சமைத்திருக்கலாம். மீந்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளே தீர்த்துவிடுகிறோம்.

நோட்டின் முதல் பக்கத்தில் '12 கூடை' என்று எழுதியிருக்கிறேன். இயேசுவின் அற்புதத்தில் மீந்த அப்பத் துணுக்குகளால் நிறைந்த கூடைகள் அவை. ஐந்து அப்பங்களைப் பெருகச்செய்து ஐயாயிரம் பேருக்குக் கொடுத்தவர், மீந்த துணுக்குகளைச் சேர்க்கச் சொன்னார் என்பது எனக்கு அற்புதத்தைவிட ஆச்சரியமாக இருக்கிறது. பெருகச்செய்யத் தெரிந்தவருக்குத் துணுக்கு எதற்கு?

வேதாகமத்தில் வரும் சாறிபாத் ஊர் விதவையின், பஞ்சத்திலும் மாவு தீராத பானையும் அப்படித்தான் என் நினைவில் வந்துபோகும். ஒன்பது ஆண்டுகளில் எங்கள் பானை ஒருமுறைகூடத் தானாக நிரம்பவில்லை. ஒரு மாதம் மட்டும், ஆலயத்துக்கு வரும் யாரோ வாசலில் ஒரு பை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அரிசி, எண்ணெய், ஒரு டஜன் முட்டை. எனக்கு முதலில் வந்தது கோபம். நம் நிலைமை வெளியே தெரிந்துவிட்டதே என்று பையைத் தொடாமல் ஒரு பகல் முழுவதும் வாசலோரமே வைத்திருந்தேன். பள்ளி விட்டு வந்த மகள் பையைத் திறந்து பார்த்து, "நாம் கேட்டது வந்துவிட்டது" என்றாள். தினமும் இரவில் அன்றன்றைய அப்பத்தைக் கேட்டு நாங்கள் ஜெபிப்பதை அவள் உண்மையாகவே ஒரு விண்ணப்பமாக எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று இரவு முட்டை வேகவைத்தேன், ஆளுக்கு இரண்டு.

இந்த முறை யாருக்குப் பொருந்தும்? வருமானம் சிறியது, ஆனால் மாதா மாதம் வருகிறது என்றால் நிச்சயம் பலன் தரும். வாடகைக்கே போதாத வருமானத்தில் இருக்கிறவர்களிடம் போய் நோட்டுப் போடு, பயறு ஊறவை என்று யாரும் அறிவுரை சொல்ல வேண்டாம். எங்களுக்கும் முதல் மூன்று மாதம் அப்படித்தான் இருந்தது. அப்போது உதவியது நோட்டு அல்ல, கடன் கொடுத்த என் அண்ணன்.

கணவருக்கு வேலை கிடைத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. குக்கரும் நோட்டும் தொடர்கின்றன. புதிதாகக் குக்கர் வாங்கப் போகிறவர்கள், அதற்கான கேஸ்கெட் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். மாற்றப் போகும்போது பழைய வளையத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஐந்து லிட்டர் என்று மட்டும் சொல்லி வாங்கிவந்த இரண்டு கேஸ்கெட்டுகள், எந்த மூடிக்கும் பொருந்தாமல், இன்றும் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.