அட்டவணையா, மேஸ்திரியா?

அக்கா மகன் சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டான். போன மாதம் போன் செய்து, "மாமா, பிரைமவேரா கோர்ஸ் சேரட்டுமா, இல்ல நேரா சைட்டுக்கே போயிரட்டுமா?" என்று கேட்டான். பிரைமவேரா என்பது கட்டுமானத் திட்டங்களுக்கு அட்டவணை போடும் மென்பொருள். இரண்டும் வேண்டும் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சாம்பாரா ரசமா என்று கேட்டவனிடம் "சாப்பாடு" என்று சொன்ன மாதிரி இருக்கும் அது. இந்தக் கேள்விக்குச் செலவழித்துப் பதில் தெரிந்துகொண்டவன் நான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மென்பொருள் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் திட்டங்களை நடத்தியவன். திட்ட மேலாண்மைக்கான பி.எம்.பி. சான்றிதழும் உண்டு. அந்தத் தைரியத்தில் மதுரைக்கு வெளியே 1,150 சதுர அடியில் வீடு கட்ட இறங்கினேன். பூமி பூஜை வைகாசியில். எக்செல்லில் 94 வரிகளுக்கு அட்டவணை போட்டேன். எது முடிந்தால் எது தொடங்கும் என்று அம்புக்குறி, வேலைக்கு ஒரு நிறம், மழைக்கென்று தனியாக ஐந்து நாள். மொத்தம் 150 வேலை நாள். ஐப்பசி கடைசியில் பால் காய்ச்சலாம் என்றது அட்டவணை. பிரிண்ட் எடுத்து மேஸ்திரியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மரியாதையாக ஒரு சுற்றுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா தைக்குத்தான் ஆகும்" என்றார்.

தை கடைசி வாரத்தில்தான் பால் காய்ச்சினோம்.

இதை வைத்து "அனுபவம்தான் பெரிசு" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அதே மேஸ்திரி, "கம்பி மூன்றரை டன் தாண்டாது சார்" என்றும் சொல்லியிருந்தார். வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொரு கம்பியின் நீளத்தையும் விட்டத்தையும் எண்ணிக்கையையும் எழுதிக் கூட்டினதில் எனக்கு 4.6 டன் வந்தது. கடைசியில் ஆனது 4.7. நாளில் அவர் ஜெயித்தார், அளவில் தாள் ஜெயித்தது. எங்கே எது ஜெயிக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

எத்தனை நாள் ஆகும்?

என் அட்டவணை தோற்ற காரணம் எளிது. அதில் இருந்த நாள் கணக்கு எல்லாம் இணையத்தில் கிடைத்த மாதிரித் தாளிலிருந்து எடுத்தது. சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் திங்கள்கிழமை பாதிப் பேர்தான் வருவார்கள் என்பது அந்தத் தாளுக்குத் தெரியாது. ஆடியில் நானே புது வேலை தொடங்கத் தயங்குவேன் என்பதும் தெரியாது. கான்கிரீட்டைத் தாங்கப் பலகையும் முட்டும் அடிக்கும் சென்ட்ரிங் ஆட்களின் ஊரில் கோயில் கொடை என்றால் ஒருவர் இருவர் இல்லை, மொத்தக் குழுவும் ஒரு வாரம் காணாமல் போகும். ஐப்பசி கார்த்திகை மழைக்கு நான் ஒதுக்கிய ஐந்து நாளை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மேஸ்திரி இதில் எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. முப்பது வீடு கட்டியவர், சராசரியாக எப்போது முடியும் என்று அவருக்கு உடம்பிலேயே தெரிந்திருந்தது.

ரூஃப் போட்ட மறுநாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். "சென்ட்ரிங் பிரித்தல்: 7 நாள்" என்று என் தாளில் இருந்தது. மேஸ்திரி ஹாலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் காலால் அளந்து நடந்தார். "பதினாறு அடி இருக்கு சார். பதினாலு நாளைக்கு முட்டுல யாரும் கை வைக்கக் கூடாது." ஏன் என்று கேட்டதற்கு, "அப்படித்தான்" என்பதுதான் பதில். அன்று ராத்திரி ஐ.எஸ். 456-ஐத் திறந்து பார்த்தேன். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி அது, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு. தளத்தின் குறுக்கு நீளம் நாலரை மீட்டர் வரை என்றால் முட்டுகளை 7 நாளில் எடுக்கலாம், அதைத் தாண்டினால் 14 நாள். பதினாறு அடி என்பது 4.88 மீட்டர். நான் எழுதியிருந்த 7 நாள், என் ஹாலைவிடச் சின்ன ஹாலுக்கானது.

அனுபவத்துக்குக் கிடைத்த வெற்றி என்று இதைச் சொல்லலாம்தான். எனக்கு வேறு ஒன்றும் உறைத்தது. அந்த விதிப் புத்தகமும் பல பேர் பட்ட அனுபவத்தைச் சோதித்து எழுதி வைத்ததுதானே. மேஸ்திரியின் "அப்படித்தான்" என்பதை அவர் கூடவே இருபது வருஷம் இருந்தால்தான் கற்க முடியும். புத்தகத்தில் இருப்பதை நான் பத்து நிமிஷத்தில் தெரிந்துகொண்டேன், அதுவும் காரணத்தோடு.

அனுபவம் வாய் திறக்காத நேரம்

அனுபவசாலி சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிறவர்களிடம் நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற டேனியல் கானமன், 1970-களில் இஸ்ரேலில் பள்ளி மாணவர்களுக்கு ஒரு பாடத்திட்டம் எழுதும் குழுவில் இருந்தார். இன்னும் எவ்வளவு காலம் ஆகும் என்று எல்லோரையும் தனித்தனியாக எழுதித் தரச் சொன்னார். எல்லோருடைய பதிலும் இரண்டு வருஷத்தை ஒட்டியே இருந்தது. குழுவில் பாடத்திட்டத் துறையிலேயே ஊறிய ஒருவரும் இருந்தார். அவர் எழுதியதும் அதேதான். பிறகு அவரிடம், "இதே மாதிரி வேலை எடுத்த மற்றக் குழுக்களுக்கு என்ன ஆனது?" என்று கேட்டார் கானமன். அவர் யோசித்துவிட்டுச் சொன்ன பதில்: நூற்றுக்கு நாற்பது குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழிலிருந்து பத்து வருஷம் ஆனது. இவர்களுக்கு எட்டு வருஷம் ஆனது.

விவரம் அவர் தலைக்குள்ளேயேதான் இருந்தது. தன் வேலை என்று வந்தபோது அது வெளியே வரவில்லை. கேள்வியை மாற்றிக் கேட்டதும் வந்தது. நல்ல உத்தி என்று நான் மதிப்பது இந்த மாதிரி மாற்றிக் கேட்க வைப்பதைத்தான்.

பெர்ட் என்ற முறையும் அந்த வகைதான். 1958-ல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கியது. ஒரு வேலைக்கு ஒரே நாள் கணக்கு எழுதாமல் மூன்று எழுதச் சொல்லும்: எல்லாம் கூடி வந்தால் எத்தனை, வழக்கமாக எத்தனை, எல்லாம் கெட்டால் எத்தனை. நடுவில் உள்ளதை நாலால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். உள்பூச்சுக்கு மேஸ்திரியிடம் இப்படிக் கேட்டுப் பார்த்தேன். "ஆறு நாள்... சாதாரணமா ஒம்போது... கொத்தனார் சண்டை போட்டுட்டுப் போய்ட்டா இருபத்தி நாலு." கணக்குப் போட்டால் 11. சூத்திரம் ஒரு வரிதான். அந்த இருபத்தி நாலை அதற்குள் போட, கொத்தனார் சண்டை போட்டுப் போனதைப் பார்த்த ஆள் வேண்டும். அவர் இல்லாமல் நானே போட்டிருந்தால் அந்த இருபத்தி நாலு இருக்கும் இடத்தில் 12 என்று எழுதியிருப்பேன்.

மேஸ்திரிக்குக் காய்ச்சல் வந்த வாரம்

கருவி ஜெயிக்கும் இடம் இது. ரூஃப் போட ஆள், மிக்சர் மிஷின், ஜல்லி, எம்-சாண்ட் எல்லாம் சொல்லியாயிற்று. இரண்டு நாள் முன்னால் மேஸ்திரி படுத்துவிட்டார். அவர் மச்சினன் வந்து நின்றார். வேலை தெரிந்தவர்தான். கம்பி கட்டியாயிற்று, எலக்ட்ரீஷியன் பைப் ஓட்டிவிட்டுப் போய்விட்டார், காலையில் கான்கிரீட்டும் போட்டாயிற்று. மேஸ்திரி எழுந்து வந்தது மறுநாள்தான். பதினாலு நாள் கழித்துப் பலகையைப் பிரித்துப் பார்த்தால், பின் அறையின் மேல்தளத்தில் ஃபேன் பாக்ஸ் இல்லை. ஐந்து இருக்க வேண்டியது நாலுதான் இருந்தது. கான்கிரீட் போடும் முன் மேலே ஏறி எண்ணிப் பார்ப்பது மேஸ்திரியின் பழக்கமாம். அது அவர் தலையில் மட்டும் இருந்தது. மச்சினனுக்கு யாரும் சொல்லவில்லை. என் 94 வரி அட்டவணையிலும் இல்லை, எனக்கு அப்படி ஒன்று எண்ண வேண்டும் என்பதே தெரியாது. பிறகு ட்ரில் போட்டு, போல்ட் இறக்கி, ஃபேனை மாட்டினோம். இன்றைக்கும் அந்த அறையில் மட்டும் வயர் தளத்துக்கு வெளியே ஓடும்.

அரைப் பக்கம் போதும்: கான்கிரீட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை, ஏழெட்டு வரி. பிரைமவேரா தேவையில்லை, பால் நோட்டின் கடைசித் தாள் போதும். கருவி என்றதும் மென்பொருளை நினைக்கிறோம். தமிழ்நாட்டுச் சைட்டுகளில் ஓடும் உண்மையான திட்ட மென்பொருள் வாட்ஸ்அப் குழுதான் என்பது சைட்டில் நின்ற எவருக்கும் தெரியும்.

சரி, பெரிய மென்பொருள் எதற்கு? வீடு ஒன்று என்றால் தேவையில்லை, சந்தேகமே வேண்டாம். ஒரு மேஸ்திரி ஒரு நாளில் மூன்று இடத்துக்கு வண்டியில் போய் வரலாம். பத்து மாடி, ஆறு ஒப்பந்தக்காரர், லிஃப்டும் கிரேனும் வேறு வேறு நாட்டிலிருந்து வருகிறது என்றால் எந்தத் தலையும் தாங்காது. எந்த வேலை ஒரு நாள் தள்ளினால் மொத்தமும் ஒரு நாள் தள்ளும், எது பத்து நாள் தள்ளினாலும் பரவாயில்லை என்று பிரித்துக் காட்டுவதுதான் சி.பி.எம். என்ற முறை. 1957-ல் டூபாண்ட் என்ற இரசாயனக் கம்பெனி ஆலை கட்டுவதற்கும் பராமரிப்புக்கும் இதை உருவாக்கியபோதே கணினியும் கூட வந்தது. ஆயிரம் வேலைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும்போது அதைக் கையால் போட்டு மாளாது.

ஸ்ரீதரன் யார் பக்கம்?

இந்த விவாதத்தில் இரண்டு தரப்பும் இழுக்கும் பெயர், ரயில்வே பொறியாளர் இ.ஸ்ரீதரன். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தபோது, சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் குறித்தது. மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார். பொறுப்பேற்ற ஸ்ரீதரனுக்கு அப்போது வயது 32. 46 நாளில் முடித்தார். "பார்த்தீர்களா, கணினி இருந்ததா, சார்ட் இருந்ததா?" என்பார்கள் அனுபவக் கட்சிக்காரர்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. ரயில்வேயில் அவரைவிட அதிகம் அனுபவம் உள்ளவர்கள்தானே ஆறு மாதம் என்று குறித்தவர்கள்? முன்னால் பார்த்ததை வைத்துச் சொல்கிற அனுபவம், முன்னால் யாரும் பார்க்காத வேகத்தைச் சொல்லாது.

அதே ஸ்ரீதரன் முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து டெல்லி மெட்ரோவுக்கு வந்தார். அப்போது இந்தியாவில் அவரளவு ரயில் கட்டுமான அனுபவம் உள்ளவர் அபூர்வம். அவர் செய்தது, தளங்களில் பின்னோக்கி ஓடும் கடிகாரத்தை மாட்டியது. இன்னும் இத்தனை நாள்தான் என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். சுமார் 65 கிலோமீட்டர் கொண்ட முதல் கட்டம், குறித்த கெடுவுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் முன்னதாகவே 2005-ல் முடிந்தது. கடிகாரத்தால் முடிந்தது என்று நான் சொல்லவில்லை. தான் அறிந்ததை, கடைசித் தொழிலாளி வரை எல்லோரும் ஒரே மாதிரி பார்க்கும்படி சுவரில் மாட்டினார் பாருங்கள், கருவியிடம் நான் எதிர்பார்ப்பது அதுதான்.

மருமகனுக்குச் சொன்னது

முதலில் சைட். இரண்டு வருஷம். அப்புறம் கோர்ஸ். வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு என் 150 நாள் அட்டவணையே சாட்சி. வெறும் பிரைமவேரா தெரிந்தவனுக்கு எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று தெரியும், என்ன நாள் கணக்கு எழுத வேண்டும் என்று தெரியாது. நான் எழுதிய பி.எம்.பி. தேர்வுக்கே, பட்டதாரி என்றால் 36 மாதம் திட்டத்தை நடத்திய அனுபவமும் 35 மணி நேர வகுப்பும் கேட்டார்கள். சான்றிதழ் கொடுப்பவர்களே அனுபவத்துக்கு எத்தனை மாதம், வகுப்புக்கு எத்தனை மணி என்று சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு இந்தப் பதிலில் திருப்தியில்லை. வெயிலில் கறுத்துப் போவானாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். சும்மா சைட்டில் நின்றால் அனுபவம் வந்துவிடாது, வருஷம்தான் போகும். ஒரு நோட்டுப் போடு. ஒவ்வொரு வேலைக்கும் காலையில் நீ நினைத்த நாள் கணக்கை எழுது, முடிந்த பிறகு ஆன நாளை எழுது, பக்கத்தில் காரணம். சனிக்கிழமை சாயந்திரம் சம்பளம் கொடுத்து முடித்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

இப்போது ஒரு சைட்டில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. போன சனிக்கிழமை வந்த படத்தில், "தரை டைல்ஸ்: நினைத்தது 4 நாள், ஆனது 9. காரணம்: ஆள் வரவில்லை" என்று இருந்தது. ஆள் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.