மலையா, ஆறா? கடலூர் விளிம்பிலிருந்து இரண்டு நடை

கடலூரில் ஞாயிற்றுக்கிழமை நடக்க எங்கே போகலாம் என்று கேட்டால் கேட்ட மாத்திரத்தில் வருகிற பதில் சில்வர் பீச். அது நடை இல்லை, பஜ்ஜி. வண்டியை நிறுத்திவிட்டு அலையில் கால் நனைத்துவிட்டுத் திரும்புவதற்கு நடை என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை. காலையில் கிளம்பினால் மத்தியானம், மத்தியானம் கிளம்பினால் இருட்டு என்று ஒரு பொழுதை முழுசாகத் தின்கிற நடை வேண்டும் என்றால் எனக்குத் தெரிந்து இரண்டுதான். ஒன்று, வண்டிப்பாளையத்தில் ஏறி கேப்பர் மலை முந்திரித் தோப்புகள் வழியாகத் திருவந்திபுரத்தில் இறங்குவது. இன்னொன்று, சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாட்டில் தொடங்கி உப்பனாற்றங்கரையைத் தொட்டுக்கொண்டு தெற்கே ஆலப்பாக்கம், அங்கிருந்து திருச்சோபுரம் கோயில். இரண்டையும் பலமுறை நடந்தாயிற்று. மலைதான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதுச்சேரி நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக மூன்றாவதாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலிருந்து மேற்கே ஊசுட்டேரிக்கு நடக்கலாம். பாதி ஏரி அவர்களுடையது, பாதி நம்முடையது. 2008-இல் புதுச்சேரி தன் பங்கைப் பறவைகள் சரணாலயம் ஆக்கியது. கார்த்திகை முதல் மாசி வரை பறவை பார்க்க அதைவிட நல்ல இடம் பக்கத்தில் கிடையாது. ஆனால் ஏரிக்குப் போகிற வழி முழுக்க மனைப்பிரிவுக் கொடிகளும் குடோன்களும். போய்ச் சேர்ந்த இடம் அருமை, போன வழி அப்படி இல்லை. பைக்கில் போய்விட்டு ஏரிக்கரையில் மட்டும் நடங்கள்.

முதலில் மலை. மலை என்ற பேச்சை நம்பி வருகிற வெளியூர்க்காரர்கள் ஏமாந்து போவார்கள். நம் கேப்பர் மலை ஒரு பெரிய செம்மண் மேடு, அவ்வளவுதான். பெயர் ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரியுடையது. ஆனால் இந்த மேட்டைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இந்தச் சிவப்புக் கல்லுக்கு நிலவியல்காரர்கள் வைத்திருக்கிற பெயரே கடலூர் மணற்கல். திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கிற மரங்கள் இதே படிவத்தில்தான் இருக்கின்றன. நெய்வேலிக்காரர்கள் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டித் தள்ளுகிற மேல்மண்ணும் இதன் சொந்தக்காரன். மழை பெய்தால் உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் டவுனுக்குக் குடிதண்ணீர் இந்த மலையடி போர்வெல்களிலிருந்து வருகிறது. சிப்காட் பக்கத்து ஊர்களில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை யாராவது குடிக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு இதைத் திரும்பப் படித்தால் இரண்டு நடைக்கும் உள்ள தூரம் புரியும்.

வண்டிப்பாளையத்துக்குப் பக்கத்திலேயே கரையேறவிட்ட குப்பம். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள், கல் மிதந்து அவர் இங்கே கரையேறினார் என்பது ஐதீகம். சித்திரை அனுஷத்தன்று அதற்கு விழா எடுக்கிறார்கள். கரை இருக்கிறது, ஆறு இல்லை. கெடிலம் எப்போதோ தடம் மாறி வடக்கே போய்விட்டது. அங்கிருந்து மேடேறினால் மத்திய சிறை. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியைப் பிடித்து இங்கேதான் அடைத்தார்கள். டிசம்பர் நடுவில்தான் விட்டார்கள். சிறைச் சுவரை ஒட்டி நடக்கும்போது போனை வெளியே எடுக்காதீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் முந்திரி. பங்குனி, சித்திரையில் போனால்தான் இதன் அருமை தெரியும். கொட்டை பொறுக்குவதற்காக மரத்தடியைச் செதுக்கிப் பெருக்கி வீட்டு வாசல் மாதிரி வைத்திருப்பார்கள். அந்தச் சிவப்புத் தரையில் மஞ்சளும் சிவப்புமாகப் பழம் விழுந்து கிடக்கும். பழத்தைக் கடித்தால் தொண்டை கரகரக்கும், சாறு சட்டையில் பட்டால் அந்தச் சட்டைக்கு அன்றோடு விடுதலை. பச்சைக் கொட்டையைப் பல்லால் கடித்து உதடு வெந்துபோய் நான்கு நாள் கஞ்சி குடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பிள்ளைகளைக் கூட்டிப்போனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மரங்களின் வயசைக் கவனியுங்கள். பெரும்பாலும் இளசுகள். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கரையேறியபோது கிழமரங்கள் வேரோடு சாய்ந்தன. பண்ருட்டி வரைக்கும் முந்திரியும் பலாவும் படுத்துவிட்டன. பிறகு வைத்தவை ஒட்டுக்கன்றுகள், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ-3 மாதிரி ரகங்கள். விளைச்சல் சீக்கிரம் வரும், நிழல் பழைய மரம் போல வராது. எங்கள் பெரியம்மா காலத்து மரம் ஒன்றின் கீழே ஒரு கல்யாணப் பந்தியே போடலாம். இப்போது இருப்பதில் இரண்டு பேர் குனிந்து உட்காரலாம்.

முடிவு திருவந்திபுரம். நடைக்கு இதைவிடச் சொகுசான முடிவு கிடையாது. ஔஷதகிரியில் 74 படி ஏறி ஹயக்ரீவரைப் பார்த்துவிட்டு இறங்கினால் கீழே தேவநாத சுவாமி, பக்கத்தில் வடக்குப் பார்த்து ஓடுகிற கெடிலம், டிபன், டவுனுக்கு பஸ். முகூர்த்த நாளில் மட்டும் அந்தப் பக்கம் தலை வைக்காதீர்கள். ஒரே காலையில் எத்தனை தாலி ஏறும் என்று எண்ண முடியாது. வியர்வை நாற்றத்தோடு நான்கு மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, யாரோ என்னையும் சொந்தக்காரன் என்று நினைத்து சந்தனம் தடவி அனுப்பினார்கள்.

மலைநடையின் குறை ஒன்றுதான், அதுவும் வருஷத்துக்கு வருஷம் வளர்கிற குறை. செம்மண். போன தடவை தோப்பாக இருந்த இடம் இந்தத் தடவை பள்ளமாக இருக்கும். டிப்பர் லாரி போன தடத்தைப் பாதை என்று நம்பிப் போனால் அது நேராகக் குழியின் உதட்டில் கொண்டுபோய் விடும். சிப்காட் பக்கம் தொழிற்சாலை கண்ணுக்கு எதிரே நிற்கிறது. இங்கே அது மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி ஆறு. எல்லோரும் மூக்கைச் சுளிக்கிற வழி. முதுநகரிலிருந்து சிதம்பரம் பஸ்ஸில் ஏறி குடிகாட்டில் இறங்குகிறீர்கள். வலமும் இடமும் டேங்கர் லாரி. 1980-களில் வந்த தொழிற்பேட்டை இது. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி, இன்னும் என்னென்னவோ. பச்சையாங்குப்பம், குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் என்று ஊர்கள் இதன் மடியில் இருக்கின்றன. 2004 வாக்கில் இந்த ஊர்க்காரர்கள் சிலர் மூக்கையே கருவியாக்கிக்கொண்டார்கள். எந்த நாள், எத்தனை மணி, என்ன வாடை, எந்தப் பக்கத்துக் காற்று என்று நோட்டுப் போட்டு எழுதினார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

எனக்கு இந்த நடையைக் கற்றுக்கொடுத்தது என் மாமா. இங்கே ஒரு ஆலையில் மூன்று ஷிப்டும் பார்த்து ரிட்டையரானவர். ஆலை பெயர் வேண்டாம். வீடு ஆற்றங்கரைப் பக்கத்து ஊரில். நான் வழக்கம் போல விடிகாலை ஆறு மணிக்குப் போய் நின்றபோது அவர் சிரித்தார்.

"காலங்காத்தால எவனாவது இங்க நடப்பானா? காத்து மேக்கால இருந்து வருது பாரு. கம்பெனி கக்குறது பூரா ஆத்துப் பக்கம்தான் வரும். சாப்ட்டுட்டு ரெண்டு மணிக்கு வா."

"ரெண்டு மணி வெயில்ல நடக்கவா மாமா?"

"வெயில் வேற, வாடை வேற. தலைக்குத் துண்டு போட்டுக்கலாம். மூக்குக்கு என்ன பண்ணுவ?"

இரண்டு நடைக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இதுதான் என்று அன்று பிடிபட்டது. ராத்திரியும் விடிகாலையும் நிலத்துக் காற்று மேற்கிலிருந்து கடலைப் பார்த்து வீசும். ஆலைகளுக்குக் கிழக்கே ஆறு. ஆகவே காலையில் ஆற்றங்கரைக்கு எல்லாம் வந்து சேரும். பதினொன்று, பன்னிரண்டுக்குக் கடல்காற்று கிளம்பிவிட்டால் அதே புகை ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும், ஆற்றங்கரைக்கு மூச்சு வரும். மலைக்குக் காலை ஆறு மணி, ஆற்றுக்குப் பிற்பகல் இரண்டு மணி. இந்த ஒன்று தெரியாமல் காலையில் போய்விட்டு வந்து ஆற்றுவழியைத் திட்டுகிறவர்கள் நிறைய.

கரைக்கு வந்தால் முதலில் அழகாக ஒன்றும் இல்லை. உவர்மண், உமரிச் செடி, அங்கங்கே கருவேலம். ஒரு இடத்தில் என் செருப்பு சேற்றோடு போய்விட்டது. இன்னொரு இடத்தில் தண்ணீரின் நிறத்தைப் படம் எடுக்கப்போய் ஒரு காவலாளியிடம் கால் மணி நேரம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. மாமா அவனுடைய அப்பாவின் பெயரைச் சொல்லி விசாரித்த பிறகுதான் விட்டான்.

ஆனால் கொஞ்சம் தெற்கே போனதும் ஒரு காட்சி. ஆற்றுக்குள் கழுத்தளவு தண்ணீரில் ஒரு அம்மா. பனையோலைப் பறியின் வாயைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறார். இரண்டு கையும் தண்ணீருக்கடியில் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்கின்றன. முகம் மட்டும் அசையாமல் எங்களைப் பார்க்கிறது. திடீரென்று ஒரு கை மேலே வந்து பறிக்குள் எதையோ போடுகிறது. எறா. மறுபடி கை உள்ளே. கரையேறியதும் பறியைத் திறந்து காட்டினார். விரல் நீள எறா ஒரு கை அளவு, இரண்டு நண்டு. "முன்னல்லாம் ஒரு மணி நேரத்துல பறி ரொம்பிடும். இப்ப பொழுதுக்கும் தடவணும்" என்றார். கையைத் திருப்பிக் காட்டினார். விரல் இடுக்கெல்லாம் தோல் வெந்தாற்போல வெளுத்திருந்தது. தண்ணீரில் ஊறியதா, தண்ணீரில் இருப்பதாலா என்று நான் கேட்கவில்லை. மாமா கேட்டார். அந்த அம்மா சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மலையில் இந்த மாதிரி யாரும் எதிர்ப்படுவது இல்லை. முந்திரி பொறுக்குகிறவர்கள் தூரத்தில் இருப்பார்கள், குனிந்த தலை நிமிராது.

காரைக்காட்டைத் தாண்டியதும் ரோட்டோடு கொஞ்ச தூரம் நடந்தே ஆகவேண்டும். அந்தத் துண்டுதான் இந்த நடையின் சாபம், நான்கு சக்கரம், பத்துச் சக்கரம் எல்லாம் காதை உரசிப் போகும். அலுத்துவிட்டால் வெட்கப்படாமல் பஸ் ஏறி ஆலப்பாக்கத்தில் இறங்குங்கள். அங்கே ரயில்வே கேட்டைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் ஊரே மாறிவிடும். காலுக்கடியில் வெள்ளை மணல். சவுக்கைத் தோப்பு. கடல்காற்றில் சவுக்கை ஊளையிடும் சத்தம் டேங்கர் சத்தத்தைத் துடைத்துவிடும். தை, மாசியில் மணலில் மல்லாட்டைச் செடி, அதாவது நிலக்கடலை, பச்சைப் பாய் விரித்தாற்போல இருக்கும். பங்குனியில் போனால் செடியோடு பிடுங்கிக் காய் ஆய்ந்துகொண்டிருப்பார்கள், ஒரு கைப்பிடி கேட்டால் மறுக்க மாட்டார்கள். பச்சை மல்லாட்டை தின்றுகொண்டே இரண்டு கிலோமீட்டர் போவது தெரியாது.

திருச்சோபுரம் சம்பந்தர் பாடிய தலம். மணல்மேட்டுக்குள் புதைந்து கிடந்ததை ஒரு தம்பிரான் வெளிக்கொண்டு வந்ததாகச் சொல்வார்கள், அதனால் தம்பிரான் கண்ட கோயில் என்றும் பேர். திருவந்திபுரத்துக் கூட்டத்தில் பாதிக்குப் பாதி கூட இங்கே இருக்காது. நான் போன நான்கு தடவையில் மூன்று தடவை குருக்களும் நாங்களும்தான். பிரகாரத்தில் உட்கார்ந்தால் கால் மணல் காலிலேயே இருக்கும். இது கடல் கொடுத்த மணலா காற்று கொடுத்ததா என்று மாமாவும் நானும் ஒவ்வொரு தடவையும் சண்டை போடுவோம்.

சரி, யாருக்கு எது? வயசானவர்கள், சின்னப் பிள்ளைகள், மூச்சிரைப்பு உள்ளவர்கள் மலைக்குப் போங்கள், யோசிக்கவே வேண்டாம். சாப்பாடு, நிழல், பஸ் என எல்லாவற்றிலும் மலைதான் மேல். ஆற்றுவழியில் ஆலப்பாக்கம் வரும் வரை டீக்கடை தவிர ஒன்றும் கிடையாது, தண்ணீர் இரண்டு லிட்டர் வீட்டிலிருந்தே எடுத்துப் போக வேண்டும். மழைக்காலத்தில் இரண்டுமே வேண்டாம். மலையில் சறுக்கும், உப்பனாறு கரையை விழுங்கும். கோடையில் மலை.

ஆனால் வெளியூரிலிருந்து ஒருவர் வந்து கடலூரைக் காட்டு என்று கேட்டால் நான் இப்போது ஆற்றுக்குத்தான் கூட்டிப்போகிறேன். மலைநடையில் டவுனை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டோம் என்ற சுகம் கிடைக்கிறது. ஆற்றுநடையில் அந்தச் சுகம் கிடைக்காது. திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் சிம்னி நிற்கும். மல்லாட்டைக் காட்டிலிருந்தும் தெரியும். அந்த எறாவைச் சந்தையில் வாங்குகிறவன் நான், அந்த ஆலைச் சம்பளத்தில் படிக்கவைக்கப்பட்டவர்கள் என் மாமா பிள்ளைகள். இரண்டும் ஒரே நடையில் தெரிவது இங்கே மட்டும்தான்.

திரும்பும்போது ஆலப்பாக்கத்தில் பாசஞ்சர் ரயிலை நம்ப வேண்டாம், நேரம் பார்த்துக்கொண்டு போனால் சரி, இல்லையென்றால் சிதம்பரம் ரோட்டுக்கு வந்து கை காட்டினால் பஸ் நிற்கும். கடைசியாகப் போனபோது எட்டு மணி ஆகிவிட்டது. டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று நான் கடைப் பக்கம் திரும்பினேன். மாமா வரவில்லை. ரோட்டோரத்தில் நின்று துண்டை உதறித் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். துண்டு தொங்கியது.

"கடக்காத்து நின்னுபோச்சுடா. இனிமே மேக்கால திரும்பிடும். வா, அத்தை ஜன்னல சாத்துனாளோ என்னமோ."