38,500 ரூபாய் போச்சு: "எல்லாக் கடனையும் ஒரே கடனாக்கித் தர்றோம்" என்று அழைத்தால் போகாதீர்கள்

நேற்று சாயங்காலம் என் கடைக்கு ஒரு தம்பி ஜெராக்ஸ் எடுக்க வந்தார். கையில் ஒரு அச்சடித்த லிஸ்ட். ஆதார், பான், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், கரண்ட் பில், இரண்டு கேன்சல்டு செக், எல்லாம் இரண்டு செட். தாளின் தலைப்பில் இருந்த படத்தைப் பார்த்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. ஜனவரி முதல் வாரத்தில் என்னை ஏமாற்றிய கடன் ஆலோசனை மையம் என் கையில் கொடுத்ததும் அதே தாள்தான். அந்தத் தம்பியை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசி அனுப்பினேன். ஒவ்வொருத்தரையும் உட்கார வைத்துப் பேச முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். இந்த மாதிரி ஆட்களிடம் மாட்டாமல் இருக்கப் பத்து யோசனை கடைசியில் தருகிறேன், அதற்கு முன் நடந்ததைக் கேளுங்கள்.

மதுரை கோரிப்பாளையத்தில் சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கிரெடிட் கார்டு பாக்கி 92,000, பெர்சனல் லோன் 1,60,000, வண்டிக் கடன் 48,000, வீட்டுக்காரம்மாவின் மூன்று பவுன் செயினை வைத்து வாங்கிய நகைக்கடன் 1,10,000. ஆக மொத்தம் 4,10,000 ரூபாய். மாதம் 15,800 இதற்கே போகும். கார்டுக்கு "மினிமம் ட்யூ", அதாவது கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை மட்டும் 14 மாதமாகக் கட்டி வந்தேன். அது எப்படிப்பட்ட குழி என்று சொல்கிறேன். நான் கட்டுவது 4,600. அதில் மாதம் மூன்றரை சதவீத வட்டி 3,220, அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி. 580. அசலில் குறைவது 800 ரூபாய்தான். இந்தக் கணக்கையே நான் இந்த மாதம்தான் போட்டுப் பார்த்தேன், அதுவும் ஏமாந்த பிறகு.

புது வருஷத்திலாவது நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று நினைத்தேன். டிசம்பர் 31 ராத்திரி கோயில் போய் வந்து, புது டைரியின் முதல் பக்கத்தில் எல்லாக் கடனையும் எழுதி வைத்தேன். அதுவரை சரி. தப்பு செய்தது ஜனவரி 3.

பைபாஸ் ரோட்டுப் பக்கம் மாடியில் ஒரு ஆபீஸ், கடன் ஆலோசனை மையமாம். பெயரை இப்போது போடவில்லை, புகார் போயிருக்கிறது, வக்கீல் வேண்டாம் என்கிறார். வாசலில் "தை பிறந்தால் வழி பிறக்கும், கடனும் தீரும்" என்று பேனர். உள்ளே ஏசி, சாமி படம், வாழை இலை வரைந்த காலண்டர், டோக்கன். எனக்கு எதிரே உட்கார்ந்தவருக்கு முப்பது வயதிருக்கும். நான் செல்லூரில் வளர்ந்தவன் என்றதும், "அண்ணே, நம்ம அம்மா வழி ஊரும் செல்லூர்தாண்ணே" என்றார். டீ வந்தது. என் டைரியை வாங்கி வரி வரியாகப் படித்தார். அதுவரை என் கணக்கை அப்படிப் பொறுமையாக யாரும் படித்ததில்லை, வங்கியில்கூட.

அப்புறம் பேனாவால் நகைக்கடன் வரியை வட்டம் போட்டார். "மொதல்ல இதத்தாண்ணே முடிக்கணும். மாசி பிறக்கறதுக்குள்ள மதினி கழுத்துல செயின் ஏறணும். மத்ததெல்லாம் அதுக்குப் பெறகுதான்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்துவிட்டேன். மற்றதெல்லாம் சும்மா. எவனோ ஒருவன் என் வீட்டுக்காரியை மதினி என்று சொன்னதற்கு நான் கொடுத்த விலை 38,500 ரூபாய்.

ஒரே கடன், 11 சதவீத வட்டி, ஐந்து வருஷம், மாதம் 8,914 என்று தாளில் எழுதிக் காட்டினார். 15,800 எங்கே, 8,914 எங்கே! பத்து நாளில் பணம் வரும் என்றார். அன்றைக்கே சிபில் (என் கடன் வரலாறும் அதற்கான ஸ்கோரும்) பார்க்கவும் ஃபைல் போடவும் 3,500 கட்டினேன். 6-ம் தேதி பிராசஸிங் என்று 15,000. அது பேப்பர் பண்டல் எடுக்க வைத்திருந்த காசு. 10-ம் தேதி, "லோன் சாங்ஷன் ஆயிருச்சுண்ணே, இன்சூரன்சும் முதல் தவணை டெபாசிட்டும் கட்டினா செவ்வாக்கிழமை கிரெடிட்" என்று 20,000. அதை வீட்டுக்காரம்மா மகளிர் குழுவில் வாங்கிக் கொடுத்தாள். கடைசி இரண்டும் ஜிபேயில், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் பெயருக்கு. திரையில் பெயர் மாறி வந்ததைப் பார்த்தேன். "அக்கவுண்டண்ட் நம்பர்ண்ணே" என்றார். சரி என்று அழுத்திவிட்டேன்.

கையெழுத்து போட்ட அக்ரிமென்ட் ஆங்கிலத்தில் ஆறு பக்கம். ஊர்ப்பட்ட பத்திரத்தை ஜெராக்ஸ் எடுக்கும்போது, "நகல்ல எதுக்குக் குடுக்கிறோம்னு எழுதி, தேதி போட்டு, குறுக்கக் கையெழுத்துப் போடுங்க" என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவன் நான். என் ஆதார் நகலில் ஒரு கோடுகூடப் போடவில்லை.

இன்னொன்று. "5-ம் தேதி இ.எம்.ஐ. கட்டாதீங்க, புதுக் கடன்ல மொத்தமா குளோஸ் பண்ணிரலாம்" என்றார்கள். கணக்கில் பணம் வைக்கவில்லை. இரண்டு கடனும் பவுன்ஸ், தலா 590 அபராதம். இது அந்த 38,500-இல் சேராது.

13-ம் தேதி செவ்வாய்க்கிழமை பணம் வரவில்லை. மறுநாள் போன் செய்தால், "நாளைக்குப் பொங்கல், பேங்க் லீவுண்ணே." மாட்டுப் பொங்கலன்று, "மேனேஜர் பாலமேடு ஜல்லிக்கட்டுக்குப் போயிருக்காரு." அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். ஊரே பார்க்கப் போகிறது, நானும் நம்பினேன். 19-ம் தேதி, "சர்வர் டவுன்." 21-ம் தேதி, "உங்க சிபில் இன்னும் ரீஃப்ரெஷ் ஆகல." 22-ம் தேதி நேரில் போனேன். டீ வரவில்லை. மதினியைப் பற்றிப் பேசியவர் சென்னைக்கு மாற்றலாம். வரவேற்பில் இருந்த பெண், பாவம், அதுவும் மாதச் சம்பளத்துக்கு வந்த பிள்ளை, அக்ரிமென்ட்டின் நாலாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டியது. "ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது." கடன் வாங்கித் தருவதாக ஆறு பக்கத்திலும் எங்கேயும் இல்லை. 38,500 ரூபாய்க்கு எனக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறார்களாம்! "அண்ணே" என்பது போய், "சார், கீழே வெயிட் பண்ணுங்க" ஆகிவிட்டது. மூன்றரை மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஷட்டரை இறக்க வந்தவர்தான் என்னை எழுப்பினார்.

மறுநாள் என் வங்கிக்குப் போனேன். என் பெயரில் எந்த விண்ணப்பமும் வரவில்லை. அங்கிருந்த மேடம் கார்டு பாக்கியைப் பார்த்துவிட்டு, "இதை நீங்களே கஸ்டமர் கேரில் கேட்டு இ.எம்.ஐ.யா மாத்தியிருக்கலாமே, வட்டி பாதிக்கும் கீழ வந்திருக்கும்" என்றார். ஐந்து நிமிட வேலை!

சிபில் அறிக்கையை நானே எடுத்தேன். இதற்குக் காசு இல்லை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் இருக்கிற ரிசர்வ் வங்கி விதி. அதற்கு 3,500 அழுதிருக்கிறேன். அறிக்கையில் ஜனவரி மாதத்தில் மட்டும் ஆறு விசாரணைகள். நான் கேள்விப்படாத ஆறு கடன் கம்பெனிகளில் என் பெயரில் விண்ணப்பம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. இப்படி வரிசையாக விசாரணை விழுந்தாலும் ஸ்கோர் இறங்கும், தவணை தவறினாலும் இறங்கும். எனக்கு இரண்டும் நடந்தது. போன மாதம் 690, இப்போது 641. நல்லது செய்யப் போய் இருந்ததையும் கெடுத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "ரசீது வாங்கினீங்களா?" முதல் 3,500-க்கு ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. மீதிக்கு ஸ்கிரீன்ஷாட்தான்.

ஸ்டேஷனில், "நீங்களா போயி கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க, சிவில் மேட்டர்" என்றார்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் எண் வாங்கியிருக்கிறேன். பணம் போன உடனே அழைத்திருந்தால் அந்தக் கணக்கை முடக்கவாவது வாய்ப்பு இருந்திருக்கும். நான் ஜல்லிக்கட்டு முடியட்டும் என்று காத்திருந்தேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் போடலாம்.

பத்து யோசனை என்று சொன்னேன். எழுதும் நிலையில் இல்லை, பேங்க் கலெக்‌ஷன்காரன் இதற்குள் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான். அவசரத்துக்கு இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடன் தருகிறவர் பிராசஸிங் கட்டணத்தைக் கடன் தொகையில் கழித்துக்கொள்வதுதான் வழக்கம். முன்கூட்டியே தனி ஆள் பெயருக்கு ஜிபே போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இ.எம்.ஐ.யை நிறுத்து என்று யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். கடன் கொடுக்கப்போவது யார் என்று பெயர் கேளுங்கள், ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிற பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுங்கள். முதலில் உங்கள் வங்கியிலேயே வாய்விட்டுக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். ஆதார் நகலில் குறுக்கே எழுதுங்கள்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு மறுபடி அந்த மாடிக்குப் போகிறேன். என்னைப் போல இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள், ஒருவர் திருமங்கலம், ஒருவர் மேலூர். இதே பைபாஸ் ரோட்டு மாடியில் நீங்களும் கட்டியிருந்தால் துண்டுச் சீட்டோ ஸ்கிரீன்ஷாட்டோ எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஜெராக்ஸ் நான் எடுத்துத் தருகிறேன்.