ஏற்காட்டுத் தோட்டக் கணக்கு: பழைய மரத்தை எப்படிக் காப்பது?

ஏற்காட்டில் எங்கள் மாமாவின் காப்பித் தோட்டக் கணக்கை, வேரிலிருந்து கிளை கிளையாகப் பிரியும் ஒரு மரமாகத்தான் (tree) கணினியில் வைத்திருக்கிறேன். வேர், தோட்டம். அதன் கீழே 20 பிளாக், பிளாக்குக்கு 50 வரிசை, வரிசைக்கு 40 செடி. இவை ஒவ்வொன்றும் ஒரு கணு (node). மொத்தம் 41,021 கணு. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பூச்சி விழுந்த செடியைப் பிடுங்கினால் அதன் கணு மாறும். "போன தை மாசம் இந்த வரிசை எப்படி இருந்துச்சு?" என்று மாமா கேட்பார். அதற்குப் பழைய மரம் அப்படியே கையில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் மரம் முழுவதையும் நகலெடுப்பது சின்ன மரத்துக்குச் சரி. ஒரு செடிக்காக 41,021 கணுவா? வேண்டாம்.

மிஞ்சுவது இரண்டு வழி. முதலாவது கொழுத்த கணு (fat node). டிரிஸ்கால், சார்னாக், ஸ்லீட்டர், டார்ஜன் என்ற கணினி அறிவியலாளர்கள் நால்வரும் 1986-இல் எழுதிய முறை. பழையதை அழிக்காமல், பதிப்பு எண்ணோடு புது மதிப்பை அதே கணுவுக்குள் சேர்த்துக்கொண்டே போவது. இடம் மிகக் குறைவு. மாற்றத்துக்கு ஒரு வரிதான். ஒரு செடியின் கதை முழுவதும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் தை மாதத் தோட்டத்தைப் பார்க்க, போகிற ஒவ்வொரு கணுவிலும் சரியான பதிப்பைத் தேட வேண்டும். ஆயிரம் மாற்றம் கண்ட கணுவில் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் இருமத் தேடலுக்கே சுமார் 10 ஒப்பீடு.

இரண்டாவது பாதை நகல் (path copying). மாறிய செடி, அதன் வரிசை, பிளாக், வேர் என நாலே கணு புதிது. மற்றதெல்லாம் பழைய மரத்தோடு பொது. பழைய வேரைப் பிடித்தால் பழைய தோட்டம் வந்துவிடும். நாலு கணு என்றாலும் அவற்றுக்குள் கீழ்க் கணுக்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் 40, 50, 20 சுட்டிகளையும் சேர்த்துப் படியெடுக்கிறோம். கிளை அகலமானால் இந்தச் செலவு ஏறும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஒப்பிடும் வேகம். ஒரு செடி மட்டும் மாறியிருந்தால், இரண்டு பதிப்பிலும் 19 பிளாக்குகளின் சுட்டி ஒன்றே, உள்ளே இறங்கவே வேண்டாம். 2005-இல் வந்த Git என்ற பதிப்பு மேலாண்மை மென்பொருளும் கோப்புறைகளை ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) வைத்து இப்படித்தான் தாண்டிப் போகிறது.

இதில் நான் ஒருமுறை நன்றாக மாட்டினேன். வசதிக்காக ஒவ்வொரு செடியிலும் "என் வரிசை இது" என்று மேல்நோக்கிய சுட்டி வைத்திருந்தேன்; வரிசையிலும் பிளாக்கிலும் அதேபோல. ஒரு செடி மாறி வரிசை புதிதானதும், மற்ற 39 செடியும் பழைய வரிசையையே காட்டின. அவற்றையும் நகலெடுத்தால், பிளாக் புதிதானதால் அதன் மற்ற வரிசைகள், அப்புறம் வேர் புதிதானதால் மற்ற பிளாக்குகள், கடைசியில் மொத்த மரமும்! அந்தச் சுட்டிகளை எடுத்துவிட்டு, இறங்கும்போதே வழியைக் குறித்துக்கொள்கிறேன்.

எங்கள் தோட்டத்துக்குப் பாதை நகல்தான். ஒற்றைச் செடியின் கதைக்கு மட்டும் தனியாக ஒரு சிறு பதிவேடு. ஒரே வரிசையில் 30 செடி பிடுங்கிய நாளில் 30 பதிப்பு போடுவதில்லை. சாயங்காலம் சேர்த்து ஒன்று. 30 செடிக் கணு, மேலே 3, ஆக 33.